திரையிலிருந்து தாளுக்கு

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அப்படியே அச்சிலும் வந்துவிடும் என்று நம்பியிருந்தவர்களுள் நானும் ஒருவன். நூலகத்தில் மாதந்தோறும் நூல் எடுத்த மாணவர், மாணவியர் எண்ணிக்கையைத் திட்டக் கட்டுரைக்காக வரைபடமாக்கினேன். மாணவருக்குச் சிவப்புக் கோடு. மாணவியருக்குக் கரும்பச்சைக் கோடு. 'பிரிண்ட் ஸ்கிரீன்' விசையை அழுத்தித் திரையைப் படமாக்கி, செலவைக் கருதிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு ஒட்டினேன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அந்தப் பக்கத்தைக் காட்டி, "தம்பி, இதில் மாணவியர் கோடு எது?" என்று கேட்டார். இரண்டும் ஒரே சாம்பல் நிறம்! வரைந்த எனக்கே விடை தெரியவில்லை.

காரணத்தைத் தேடியபோது, பழைய வீட்டுக் கணிப்பொறி ஒன்று எனக்கு ஆசிரியராயிற்று. அது 1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். தொலைக்காட்சிப் பெட்டியே அதன் திரை. குறுக்கே 256, நெடுக்கே 192 என்று அதில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உண்டு அல்லது இல்லை என்பதைக் குறிக்க 6144 பைட்டுகள். நிறங்களுக்குத் தனியாக 768 பைட்டுகள். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். ஆக மொத்தம் 6912 பைட்டுகள். உருவம் ஓரிடத்தில், வண்ணம் வேறிடத்தில் என்பதே இங்கு நாம் மனத்தில் இருத்த வேண்டியது.

அத்திரையை நகலெடுக்க இரு வழிகள் இருந்தன. 'சேவ்' ஆணையால் ஒலிநாடாவில் பதிந்தால் 6912 பைட்டுகளும் பதிவாகும். மீண்டும் ஏற்றும்போது முதலில் உருவம் வரிவரியாகத் தோன்றும். பிறகே வண்ணம் வந்து படியும். மற்றொன்று 'காப்பி' ஆணை. அது திரையின் 24 வரிகளில் மேலுள்ள 22 வரிகளை மட்டும் சின்க்ளேரின் சிறிய அச்சுப்பொறிக்கு அனுப்பும். அலுமினியம் பூசிய தாளில் மின்பொறி பட்ட இடத்தில் பூச்சு எரிந்து, அடியிலுள்ள கறுப்பு வெளிப்படும். அங்கே வண்ணத்துக்கு இடமேயில்லை. சிவப்புக் கோடானாலும் நீலக் கோடானாலும் தாளில் கறுப்புத்தான்.

இன்றைய கணிப்பொறி வண்ணத்தை அடியோடு விட்டுவிடுவதில்லை. சாம்பல் நிறமாக மாற்றுகிறது. அதற்கு வழக்கமாகக் கையாளும் சூத்திரம் ஒன்றில் சிவப்பின் அளவை 0.299ஆலும், பச்சையை 0.587ஆலும், நீலத்தை 0.114ஆலும் பெருக்கிக் கூட்டுவர். முழுச் சிவப்பின் அளவு 255. பெருக்கினால் ஏறத்தாழ 76. என் கரும்பச்சையின் அளவு 128. பெருக்கினால் ஏறத்தாழ 75. சுழியம் கறுப்பு, 255 வெள்ளை என்னும் அளவுகோலில் 75க்கும் 76க்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கண் காணும்? பேராசிரியர் கண்ணிலும் குறையில்லை; அச்சுப்பொறியிலும் குறையில்லை. வேறுபாட்டை வண்ணத்திடம் மட்டுமே ஒப்படைத்தது என் பிழை.

நண்பர்களே, திரைப்படியை அச்சிடுமுன் மூன்றை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, ஒரு கோட்டை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் வரைந்து, அருகிலேயே பெயர் எழுதுங்கள். இரண்டாவது, படத்தைத் திரையிலேயே சாம்பல் நிறமாக்கிப் பாருங்கள். மூன்றாவது, அச்சான பின்னும் வண்ணப் படக்கோப்பை அழிக்காதீர்கள்; தாள் இழந்ததை அதுவே காத்து வைத்திருக்கும்.

நான் அன்றிரவே புள்ளிக்கோடிட்டு மறுபடி அச்சிட்டேன். இப்போது யார் கேட்டாலும் மாணவியர் கோட்டை உடனே காட்டுவேன். மாதந்தோறும் மேலே நிற்பது அதுதான்!