ஈட்டுக் கடனும் இன்ஷூரன்ஸும்

பிரிட்டனில் வீட்டை ஈடு வைத்துக் கடன் பெற்றோர் பலர் தலையில் ஓர் இன்ஷூரன்ஸும் சேர்த்துக் கட்டப்பட்டது. நோயோ விபத்தோ வேலையிழப்போ நேர்ந்தால் மாதத் தவணையை அது செலுத்தும் என்பது பேச்சு. ஆனால் சொந்தக் கடைக்காரருக்கு? நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. வியாபாரம் மந்தமானால் போதாது. கடையையே மூடினாலன்றிப் பல பத்திரங்களில் வேலையிழப்புத் தொகை கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்றிருந்தால் அது முறையீட்டுக்குத் தக்க காரணம்.

முதலில் விற்றவரிடமே எழுத்து மூலம் கேட்க வேண்டும். 8 வாரத்தில் பதில் வராவிடினும், வந்தது திருப்தியில்லாவிடினும், நிதித்துறைக் குறைகளை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனிடம் செல்லலாம். முடிவான பதில் வந்த 6 மாதத்துக்குள் செல்ல வேண்டும். கட்டணமில்லை. தரகருக்குப் பங்கு கொடுத்தோர் வீணாகவே கொடுத்தனர்.

2011-ல் பாங்குகள் வழக்கில் தோற்றபின் கோடிக்கணக்கில் பணம் திரும்பிற்று. பழைய பத்திரங்களுக்கு 2019 ஆகஸ்டு 29 கடைசி நாளாயிற்று. அதன்பின் பெட்டியைத் துழாவியோர் பெரும்பாலோருக்கு வழி அடைபட்டது.