தலை பெருத்த போர் இயந்திரங்கள்: வாசகர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் கேட்டான் என்று ஒரு குட்டி ரோபோ பொம்மை வாங்கிக் கொடுத்ததாகவும், அவன் தூங்கிய பிறகு அதை எடுத்து நீங்களே நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்ததாகவும் எழுதியிருந்தீர்கள். கூடவே மூன்று கேள்விகள். அவ்வளவு கம்பீரமான போர் இயந்திரத்தை எதற்குத் தலை பெருத்து, கால் குறுகிச் செய்கிறார்கள்? அசலை அப்படியே சின்னதாக்கினால் போதாதா? இதற்கெல்லாம் விமர்சனம் என்று எழுத என்ன இருக்கிறது? முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் எனக்குப் பழக்கமானவை. இரண்டாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 'மொபைல் சூட் கண்டாம்' தொடர் 1979-ல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்தது. இயக்கியவர் யோஷியுகி டொமினோ. இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஓகாவரா. கதைப்படி கண்டாமின் உயரம் 18 மீட்டர். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கிட் அசலில் 144-ல் ஒரு பங்கு; விலை 300 யென். அந்த அளவில் பொம்மை பன்னிரண்டரை சென்டிமீட்டர் நிற்கும், முகமும் தெரியும். அதையே ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். உடலில் தலை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு என்றால், மிஞ்சுவது ஏழு மில்லிமீட்டர். இரண்டு கண்கள், நெற்றியில் விரியும் மஞ்சள் கொம்பு, சிவப்புத் தாடை, முகக் கவசத்தில் இரண்டு பிளவுகள் எல்லாம் அந்த ஏழு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அடங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சூப்பர் டிஃபார்ம்ட் வடிவத்தில் மொத்த உயரமே இரண்டு அல்லது இரண்டரைத் தலைதான். அதே ஐந்து சென்டிமீட்டரில் தலைக்கு இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கிறது. கண்டாமைக் கண்டாமாக்குவது முகம். முகத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் உடம்பு இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

இது யாரோ ஆய்வறையில் உட்கார்ந்து கண்டுபிடித்த தத்துவம் கிடையாது. பண்டாய் நடத்திய மாடல் செய்தி இதழுக்கு கோஜி யோகோயி என்ற மாணவர் குட்டையும் தடியுமாகக் கண்டாம்களை வரைந்து அனுப்பினார். அந்தப் படங்கள் ஆசிரியர் குழுவின் கண்ணில் பட்டன. 1985-ல் 'எஸ்.டி. கண்டாம் வேர்ல்டு' என்ற பெயரில் அவை காசு போட்டுத் திருகும் காஷாபோன் இயந்திரங்களுக்குள் வந்து சேர்ந்தன. அதற்கு முன்பே, 1983 வாக்கில், 'கின்னிகுமான்' என்ற சித்திரக்கதையில் வரும் மல்யுத்த வீரர்களின் ரப்பர் பொம்மைகள் ஜப்பானியச் சிறுவர்களைப் பித்துப்பிடிக்க வைத்திருந்தன. அவற்றை அழிரப்பர் என்றே கூப்பிட்டார்கள். பொருளென்னவோ மென்மையான பிவிசி. எஸ்.டி. கண்டாமும் அந்த வழியில்தான் நடந்தது. பிளாஸ்டிக் உருண்டைக்குள் அடங்க வேண்டும், ஒரே நிறத்தில் வார்க்க வேண்டும், வண்ணம் பூச வழியில்லை. நிறத்தின் துணை இல்லாமல், வெறும் உருவரையை மட்டும் வைத்து இது இன்னது என்று ஒரு சிறுவன் உள்ளங்கையில் வைத்தவுடனே சொல்லிவிட வேண்டும். வடிவமைப்பாளருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. 1987-ல் 'பிபி சென்ஷி' என்ற கிட் வரிசை தொடங்கியது. ஆரம்பப் பொம்மைகள் ஸ்பிரிங் விசையில் குட்டி பிபி குண்டுகளைச் சுடும், பெயர் அதனால் வந்தது. 1988 மார்ச்சில் 'சார்'ஸ் கவுன்ட்டர்அட்டாக்' என்ற கண்டாம் திரைப்படத்தோடு ஓர் எஸ்.டி. குறும்படமும் திரையரங்குக்கு வந்தது. சாமுராய் கவசம் பூண்ட முஷா கண்டாம், ஐரோப்பிய வீரனைப் போன்ற நைட் கண்டாம் என்று தனிக் கதைகளே கிளைத்தன. அதே 1988-ல் சன்ரைஸ் நிறுவனத்தின் 'மஷின் ஹீரோ வதாரு' வந்தது. அதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் நாயக இயந்திரமான ரியூஜின்மாருவுக்கு, குறுக்கப்படுவதற்கு முந்தைய உயரமான அசல் என்று ஒன்று கிடையாது. அது பிறந்ததே குட்டையாக. எதையும் சுருக்கிக் காட்டாமல் தன் காலிலேயே நிற்கும் உருவம் அது. ரியூஜின்மாருவைப் பார்த்தவர்கள் எஸ்.டி.யை வெறும் கேலி உருவம் என்று சொல்ல மாட்டார்கள்.

1991-ல் கேம்பாய் கருவிக்கு வந்த 'சூப்பர் ரோபோ வார்ஸ்' விளையாட்டையும் சொல்லாமல் விடக்கூடாது. திரையில் இருந்ததே 160-க்கு 144 புள்ளிகள். அதற்குள் மாஜிங்கர் ஸெட், கெட்டர் ரோபோ, கண்டாம் மூன்றும் சேர்ந்து போரிட வேண்டும். மாஜிங்கர் 18 மீட்டர், கெட்டர் 38 மீட்டர். அளவு பார்த்து வரைந்தால் ஒன்று மற்றதன் இடுப்புக்குத்தான் வரும். எஸ்.டி. வடிவம் எல்லாரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. வெவ்வேறு படைப்பாளிகள் வெவ்வேறு கோட்டில் வரைந்த உருவங்கள் ஒரே குடும்பமாகத் தெரிந்தது அப்போதுதான். நம் அலமாரியிலும் நடப்பது இதுதான்: 105 மீட்டர் உயரமுள்ள இடியோன் என்ற ரோபோவும் 18 மீட்டர் கண்டாமும் ஒரே தட்டில் சமமாக நிற்க வேறு வழி ஏது?

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என் மேசையில் இருக்கும் ஒரு ஸாக்குவைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். கண்டாமுக்கு எதிரணியில் நிற்கும் சாதாரணப் படை இயந்திரம் அது. 'கன்வெர்ஜ்' வரிசையில் வந்தது. மிட்டாய்க் கடைச் சரக்காக ஒரு சூயிங் கம்மோடு பெட்டியில் வரும் வகை. உயரம் கட்டைவிரல் அளவு. தலை அகன்ற கவிகையாக இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு கறுப்புப் பிளவு; அந்தப் பிளவில் நடுவிலிருந்து சற்றே விலகி ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி. ஒற்றைக் கண் பக்கவாட்டில் பார்க்கிறது. புள்ளியை நடுவில் வைத்திருந்தால் பொம்மை வெறித்துப் பார்த்திருக்கும். அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்ததில் எதிரியைத் தேடுகிற பார்வை வந்துவிட்டது. மூக்கின் இருபுறமும் போகும் குழாய் அசலில் இருப்பதைவிடத் தடிமன். வரிவரியான வளையங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். இடத் தோளில் முள் கவசம், வலத் தோளில் கேடயம், இரண்டும் தலையின் பாதி உயரத்துக்கு ஏறி நிற்கின்றன. தொடை என்று ஒன்றே இல்லை. இடுப்புப் பாவாடைக்குக் கீழே நேராக முழங்கால். அங்கிருந்து காலடி வரை விரிந்துகொண்டே போகிறது. தொடையை எடுத்தது குறையாகத் தெரிகிறதா என்றால் இல்லை. ஸாக்குவின் தொடையை நினைவு வைத்திருப்பவர் யாருமில்லை. கண், குழாய், முள், கேடயம், துப்பாக்கி மேல் படுத்திருக்கும் வட்டத் தோட்டாப் பெட்டி என்று நினைவில் நிற்பவை மட்டும் பெருகியிருக்கின்றன.

விமர்சனம் எழுத வேண்டியது இதைப் பற்றித்தான். வடிவமைப்பாளர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார், அந்தத் தேர்வு சரியா என்பதே என் முதல் அளவுகோல். விவரம் அதிகம் என்பதற்காக மட்டும் ஒரு பொம்மையைப் புகழ்வதை நான் ஏற்கவில்லை. ஐந்து சென்டிமீட்டரில் எல்லாக் கோட்டையும் செதுக்கி வைத்தால் கண் எங்கும் தங்காது.

சில உருவங்கள் எஸ்.டி.க்கென்றே பிறந்தவை. ஸாக்குவின் அணியைச் சேர்ந்த டோம் அப்படி ஒன்று: அகன்ற பாவாடை, யானைக் கால், தலை நடுவே சிலுவையாக ஓடும் கண் தடம். அதைக் குறுக்கும்போது யாரும் பெரிதாகத் திணற வேண்டியதில்லை. நியூ கண்டாம் நேர் எதிர். அதன் முதுகில் ஒரு பக்கமாக மட்டும் ஆறு நீண்ட தகடுகள் தொங்கும். கம்பீரமே அந்தச் சமமின்மையில்தான். குட்டை உடம்பில் அதே தகடுகளை மாட்டினால் பொம்மை பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். தகட்டைக் குறைத்தால் நியூ கண்டாமாகவே தெரியாது. ஆகவே அதை யார் செய்தாலும் நான் முதலில் பார்ப்பது பாதத்தை. எவ்வளவு பெரிய பாதம், எடை எங்கே விழுகிறது, தாங்கி இல்லாமல் நிற்கிறதா?

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.டி. கண்டாமின் கண்ணுக்குள் கருமணி வேண்டுமா, வேண்டாமா என்பது சேகரிப்பாளர்களிடையே ஓயாத வழக்கு. ஆரம்ப காலத்தில் கருமணி உண்டு, சிரிக்கும், முறைக்கும். பின்னால் வெறும் ஒளிரும் கண் பலருக்குப் பிடித்துப்போயிற்று. பல கிட்களில் இரண்டுக்கும் ஸ்டிக்கர் கொடுத்துவிடுகிறார்கள். என் முடிவு இது: நைட் கண்டாமும் முஷா கண்டாமும் தாமே பேசி நடக்கும் பாத்திரங்கள், அவற்றுக்குக் கருமணி இல்லாவிட்டால் உயிர் இல்லை. போர்க் கதையிலிருந்து வந்த கண்டாமுக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்து ஓட்டுகிறான். அதற்குக் கருமணி வேண்டாம்.

2018-ல் வந்த 'கிராஸ் சிலுவெட்' கிட்களில் உள் எலும்புக்கூடு இரண்டு வகை. ஒன்றை மாட்டினால் வழக்கமான குட்டை உருவம். மற்றதை மாட்டினால் கை கால் கொஞ்சம் நீண்டு, மூட்டு மடங்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு, கோத்து விளையாட அருமை. ஆனாலும் நீண்ட எலும்புக்கூட்டில் நிற்கும் உருவம் எனக்குத் திருப்தி தரவில்லை. குட்டையின் துணிச்சலும் இல்லை, நெட்டையின் நிமிர்வும் இல்லை. உங்கள் மகனுக்கு அது பிடிக்கலாம். பிடித்தால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.

பொம்மைகளைக் கெடாமல் வைத்திருப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மென்மையான பிவிசியை இளக்கமாக வைத்திருக்க ஒரு சேர்மானப் பொருளைக் கலந்திருப்பார்கள். காற்றுப் புகாத பையில் வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் அது மேலே கசிந்து பிசுபிசுக்கும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். காற்றாட வையுங்கள், நேர் வெயில் படாமல் வையுங்கள். வெள்ளைப் பாகம் மஞ்சளாவதும் குறையும். பழைய ரப்பர் பொம்மையைப் பிளாஸ்டிக் கிட்டோடு ஒட்டி வைக்கவே வேண்டாம். கசியும் அந்தப் பொருள் பாலிஸ்டைரினை அரித்துக் குழிபறித்துவிடும். வளைந்துபோன வாளையோ துப்பாக்கியையோ கொதிக்காத சுடுநீரில் சற்று அமிழ்த்தி, நிமிர்த்திப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள், நேராகிவிடும்.

பழைய சரக்கு தேடுகிறவர்கள் டோக்கியோவின் நகானோ பிராட்வேயையும் அகிஹபாராவில் வாடகைக்கு விடும் கண்ணாடிப் பெட்டிக் கடைகளையும் சுற்றுவார்கள். ஜப்பானிலிருந்து யாராவது வாங்கி வரும்போது பெட்டி பிரிந்திருக்கிறதே என்று சந்தேகப்படாதீர்கள். மிட்டாய்ப் பொம்மைகளில் கம் காலாவதியாகிவிடுவதால் பல கடைகள் அதை எடுத்துவிட்டுத்தான் விற்கின்றன. உள்ளே இருக்கும் பை பிரிபடாமல் இருந்தால் போதும். ஆனால் போலிகளை வாங்காதீர்கள். முதலில் காட்டிக்கொடுப்பது கண் ஓரம்தான்: வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும்.

முழுத் தொகுப்பையும் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை வரும். அடக்குங்கள். நாயக இயந்திரத்தை எல்லாரும் வாங்குவார்கள். நீங்கள் ஒரு ஸாக்குவில் தொடங்குங்கள். விமர்சனம் எழுதும்போது பெட்டியில் அச்சடித்திருப்பதைத் திரும்ப எழுத வேண்டாம், அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். பக்கவாட்டிலிருந்து பாருங்கள், முதுகைப் பாருங்கள், ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எது பெருத்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று இரண்டு பட்டியல் போட்டுக்கொண்டு பிறகு எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். அதே பொம்மையைப் பற்றி உங்கள் மகனையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் படித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்