அணுவினுள் ஓர் ஒழுங்கு

சோடியம் என்னும் உலோகத்தை நீரில் இட்டால் சீறிப் பாயும். சில வேளைகளில் தீயும் பற்றிக்கொள்ளும். ஆகவே அதனை மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைக்கிறோம். தனிம அட்டவணையில் அதற்கு நேர் முன்னே உள்ள நியானோ எதனோடும் சேராத அமைதியான வாயு. நியான் அணுவில் 10 எலெக்ட்ரான்கள். சோடியம் அணுவில் 11. ஒன்று கூடியதும் குணம் இவ்வளவு மாறுவது ஏன்? விடை எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அவை அமைந்திருக்கும் முறையில் இருக்கிறது.

ஆர்பிட்டால் என்பது யாது?

1913-இல் நீல்ஸ் போர், எலெக்ட்ரான்கள் உட்கருவைக் குறிப்பிட்ட வட்டப் பாதைகளில் சுற்றுகின்றன என்றார். ஹைட்ரஜனின் நிறமாலையை இக்கொள்கை விளக்கிற்று. பல எலெக்ட்ரான்கள் உள்ள அணுக்களுக்கு அது போதவில்லை. 1926-இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாடு வேறொரு படத்தைக் காட்டியது. எலெக்ட்ரானுக்கு வரைந்து காட்டத்தக்க பாதை இல்லை. அது காணப்படுவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள இடத்தையே நாம் ஆர்பிட்டால் என்கிறோம்.

எஸ் ஆர்பிட்டால் கோள வடிவம் உடையது. பி ஆர்பிட்டால்கள் மூன்று; ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் நீண்டிருக்கும். டி ஆர்பிட்டால்கள் ஐந்து, எஃப் ஆர்பிட்டால்கள் ஏழு.

மூன்று விதிகள்

முதலாவது, ஆற்றல் குறைந்த இடமே முதலில் நிரம்பும். குளத்தில் மழைநீர் சேரும்போது கீழ்ப்படியை மூழ்கடித்த பின்னரே மேற்படிக்கு ஏறுகிறதன்றோ? அதுபோல 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி என வரிசை செல்லும். 3டி-க்கு முன்னே 4எஸ் வருவதைக் கவனிக்க வேண்டும். எஸ்-க்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2 என எண் கொடுத்து, கூட்டின் எண்ணோடு கூட்டினால் 4எஸ்-க்கு 4-உம் 3டி-க்கு 5-உம் கிடைக்கும். கூடுதல் குறைந்தது முந்திக்கொள்ளும். சமமானால் கூட்டெண் சிறியது முந்தும்.

இரண்டாவது, பௌலி 1925-இல் கூறிய தவிர்ப்புத் தத்துவம். ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு எலெக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. அவ்விரண்டும் எதிரெதிரான தற்சுழற்சி உடையனவாக இருத்தல் வேண்டும். எனவே எஸ்-இல் 2, பி-இல் 6, டி-இல் 10, எஃப்-இல் 14 எலெக்ட்ரான்களே அடங்கும்.

மூன்றாவது, ஹுண்ட் விதி. தேர்வு அறையில் முதலில் பெஞ்சுக்கு ஒருவராகவே அமர்கிறோம். இடம் போதாதபோதுதான் இரண்டாமவர் அமர்த்தப்படுகிறார். சம ஆற்றலுள்ள ஆர்பிட்டால்களிலும் எலெக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே அமர்ந்து, பின்னரே இணை சேரும். நைட்ரஜனின் மூன்று 2பி எலெக்ட்ரான்களும் மூன்று ஆர்பிட்டால்களில் தனித்தனியே இருப்பது இதனாலேயே.

விதிகளின் பயன்

இப்போது முதல் வினாவிற்கு வருவோம். நியானில் 1எஸ்-இல் 2, 2எஸ்-இல் 2, 2பி-இல் 6 என இரண்டு கூடுகளும் நிரம்பிவிட்டன. பதினோராவது எலெக்ட்ரானுக்கு அங்கே இடமில்லை. அது 3எஸ்-இல் தனியே, உட்கருவிற்குச் சற்றுத் தொலைவில், தளர்வாகப் பிணைந்துள்ளது. சோடியம் அதனை எளிதில் இழக்கிறது. குளோரினுக்கோ 3பி-இல் ஐந்தே உண்டு. ஆறாவதை ஏற்கக் காத்திருக்கிறது. தீப்பற்றும் உலோகமும் நச்சு வாயுவும் ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து வாங்கிய பின், நாம் உணவில் சேர்க்கும் உப்பாகின்றன!

இரும்பு அணுவில் 3டி-இல் ஆறு எலெக்ட்ரான்கள். அவற்றுள் நான்கு இணை சேராதவை. இரும்பின் காந்தத் தன்மைக்கு இணை சேராத எலெக்ட்ரான்களே அடிப்படை. துத்தநாகத்தில் பத்தும் இணை சேர்ந்துவிட்டன. காந்தம் அதனை ஈர்ப்பதில்லை.

குரோமியத்தை எழுதும்போது விழிப்பு வேண்டும். அதன் 24 எலெக்ட்ரான்களில் கடைசி ஆறு, 4எஸ்-இல் 2, 3டி-இல் 4 என்று அமையாமல், 4எஸ்-இல் 1, 3டி-இல் 5 என்று அமைகின்றன. பாதி நிரம்பிய டி அமைப்பு கூடுதல் நிலைப்பு உடையது. தாமிரத்தில் 4எஸ்-இல் 1, 3டி-இல் 10.

பௌலியின் விதி இல்லையெனில் எல்லா எலெக்ட்ரான்களும் 1எஸ்-இலேயே குவிந்துவிடும். நாமறிந்த நீரும் உப்பும் இரும்பும் அப்போது உருவாகா. ஆகவே இவ்வரிசையைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு தனிமத்தின் குணத்தோடும் பொருத்திப் படிப்போமாக. அப்போது தனிம அட்டவணை நமக்குப் பாரமாகத் தோன்றாது.