குடி நின்றால் அடி நிற்குமா?

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டத்தில், கணவரின் குடி ஒழிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நடக்கும் பெண்களும் உண்டு. மனைவிக்கு உடலில் பாதி தந்த அர்த்தநாரீஸ்வரரைக் கார்த்திகை தீபத்தன்று காத்திருந்து தரிசிக்கும் ஊர் இது. இங்கும் மனைவியை அடிப்பதற்குச் சமாதானங்கள் சொல்லப்படுகின்றன.

நம்பிக்கை: "எல்லாம் குடி செய்யும் வேலை. தெளிந்துவிட்டால் தங்கமான மனுஷன்."

உண்மை: 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அடிக்கடி போதையேறும் கணவர்களின் மனைவியரில் 100க்குச் சுமார் 70 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். குடிக்காதவர்களின் மனைவியரிலும் சுமார் 23 பேர். குடி ஆபத்தைப் பல மடங்காக்குகிறது; ஆனால் குடியைத் தொடாத கையும் ஓங்குகிறது. போதையிலும் போலீஸ்காரரிடம் அடங்கிப் போகிறவர், வீட்டுக்கு வந்துதான் அடிக்கிறார். தானே விரும்பிக் குடித்த போதையைச் சட்டம் மன்னிப்பதில்லை.

நம்பிக்கை: "மாலை போட்டுவிட்டால் குடி போய்விடும், சண்டையும் ஓய்ந்துவிடும்."

உண்மை: விரதம் மன உறுதி தரலாம். ஆனால் பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். குடி நின்ற பிறகும், மிரட்டி அடக்கும் பழக்கம் தானாகப் போகாது. அதற்குத் தனி ஆலோசனை வேண்டும்.

நம்பிக்கை: "அவருக்கு மனசு சரியில்லை, அதான் அடிக்கிறார்."

உண்மை: மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. ஆண்களிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு. குடி அந்தச் சோர்வை இன்னும் ஆழமாக்கும். அவருக்குச் சிகிச்சை தேவை. ஆனால் நோயைக் காட்டி அடியை நியாயப்படுத்த முடியாது.

நம்பிக்கை: "அவள் எப்பவும் அழுதுகொண்டே இருக்கிறாள். அதனால்தான் வீட்டில் பிரச்சினை."

உண்மை: பெரும்பாலும் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பேசுகிறோம். கணவர் அல்லது துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தீராத தலைவலி, தூக்கமின்மை, உடல்வலி என்று அவள் மருத்துவரிடம் போகிறாள். அடி தொடரும்வரை மாத்திரை மட்டும் அவளைக் குணப்படுத்தாது.

நம்பிக்கை: "புகார் கொடுத்தால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள்."

உண்மை: 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்று நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பெண்களுக்கான உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416.

குடி, மனச்சோர்வு, அடி மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஆகவே மூன்றுக்கும் தனித்தனியே, ஒரே நேரத்தில் உதவி வேண்டும். குடிக்குச் சிகிச்சை முடியட்டும் என்று மனைவியின் பாதுகாப்பைத் தள்ளிப்போடக் கூடாது. உறவினரும் அக்கம்பக்கத்தாரும் அவளைத் தனியாகச் சந்தித்து, "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்க வேண்டும். கணவர் எதிரில் கேட்டால், அந்தக் கேள்விக்கே அவள் அன்றிரவு அடி வாங்க நேரலாம்.