800க்கும் 1200க்கும் நடுவே

கரிவலம்வந்தநல்லூரில் விடியும் முன்பே ராஜபாளையம் சாலையோரம் ஓடுகிற பிள்ளைகளே, உங்களைத் தினமும் பார்க்கிறேன். பால்வண்ணநாதர் கோவில் கோபுரத்தின் மேல் வெளிச்சம் விழுவதற்குள் நாலைந்து பேர் ஓடி முடித்துத் திரும்பிவிடுகிறீர்கள். வந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன டைமிங்?" குறுவட்டப் போட்டி நெருங்குகிறது. டைமிங்கைத் துரத்துவதில் தப்பே இல்லை, நானும் துரத்தியவன்தான். அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஸ்டாப்வாட்ச்சோடு கோட்டருகே நின்றவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. 72 என்ற எண்ணை மனசில் வை. 400 மீட்டரை 72 வினாடியில் ஓடிக்கொண்டே போனால் 1500 மீட்டர் நாலரை நிமிஷம், 3000 மீட்டர் 9 நிமிஷம், 5000 மீட்டர் 15 நிமிஷம். வேகம் ஒன்றுதான், அதை எவ்வளவு நேரம் தாங்குகிறாய் என்பதில்தான் வித்தியாசம். நம் பள்ளிக்கூட மைதானத்து 200 மீட்டர் தடத்தில் அது 36 வினாடி. கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் 36க்கும் 38க்கும் உள்ள வித்தியாசம் காலுக்குத் தெரிய வேண்டும். கைக்கடிகாரம் இல்லாதவனும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

2. நேரம் தொலைகிற இடம் 800 மீட்டருக்கும் 1200 மீட்டருக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய மைதானத்தில் அது மூன்றாவது சுற்று, நம்மூர்த் தடத்தில் ஐந்தாவதும் ஆறாவதும். என் நோட்டில் ஒரு பையனின் 1500 மீட்டர் கணக்கு இப்படி இருக்கிறது: 64, 72, 80, கடைசி 300 மீட்டர் 57. மொத்தம் 4 நிமிஷம் 33 வினாடி. ஒரு மாசம் கழித்து அதே பையன் 71, 71, 72, 53 என்று ஓடினான். 4:27. இடையில் அவனுக்குப் புதிதாகப் பலம் எதுவும் வந்துவிடவில்லை. முதல் சுற்றில் ஏழு வினாடி பொறுத்துக்கொண்டான், மூன்றாவதில் எட்டு வினாடி திரும்பக் கிடைத்தது.

முதல் சுற்றில் கூட்டம் கத்தும், கடைசிச் சுற்றில் மணி அடிப்பார்கள். நடுவில் உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள். பந்தல் பக்கம் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் முழங்கை தளர்கிறதா, தலை பின்னால் சாய்கிறதா என்று நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. முதல் சுற்றின் வேகத்தை நம்பாதே. எனக்குப் பதினேழு வயசில் ஒரு மாவட்டப் போட்டி. துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்கள் நிற்பதுபோலவும் நான் மட்டும் பறப்பதுபோலவும் இருந்தது. இருபது மீட்டர் முன்னால் போனேன். மூன்றாவது சுற்றில் தொடை கல்லாகிவிட்டது. ஏழாவதாக வந்தேன். அப்பா அன்றைக்கு அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தார். சைக்கிளில் வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூச்சில் வருகிற ஆக்சிஜன் போதாதபோது தசை கடன் வாங்கித்தான் ஓடும் என்பதை எனக்கு அப்போது சொல்லித்தர ஆளில்லை. கடன்காரன் வந்து நிற்கும் இடம் மூன்றாவது சுற்று.

நம் நாட்டு ஸ்ரீராம் சிங் அப்படி ஓடவில்லையா என்று விவரம் தெரிந்த பிள்ளை கேட்கும். ஓடினார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் இறுதிப் போட்டியின் முதல் சுற்றை 50.85 வினாடியில் முன்னின்று முடித்தார். கியூபாவின் யுவாந்தொரேனா அந்த வேகத்தில் 1:43.50 என்று உலக சாதனை செய்தார். ஸ்ரீராம் ஏழாவது, 1:45.77. அந்த நேரம் 2018இல் ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும் வரை 42 வருஷம் இந்திய சாதனையாக நின்றது. அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் அவருடைய இரண்டாவது சுற்று முதலாவதைவிட 4 வினாடிக்கு மேல் மெதுவானது என்பதையும் பார். அது பல வருஷப் பயிற்சியோடு உலகத்தின் முன்னால் எடுத்த துணிச்சல். நீ முதலில் சமமாக ஓடப் பழகு.

4. கோட்டை மதி. புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் என்று ஊரே கொண்டாடத் தொடங்கிய சமயத்தில், ஓடும்போது தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தார் என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். 25 சுற்று உழைப்பு போயிற்று. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். நம் மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு மத்தியானத்துக்குள் பாதி அழிந்துபோகும். அழிந்த இடத்திலும் கோடு இருப்பதாக நினைத்தே ஓடு.

வெளிப்பக்கம் போவதும் நஷ்டம்தான். 400 மீட்டர் மைதானத்தில் வளைவு முழுக்க இரண்டாவது தடத்தில் போனால் மூன்றரை மீட்டர் கூடுதலாக ஓடியிருப்பாய். முந்துவதை நேர்ப்பகுதியில் வைத்துக்கொள்.

5. தடத்தை நீயே அளந்து பார். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே டேப் பிடிக்க வேண்டும். 200 மீட்டர் என்று போட்ட தடத்தில் 3 மீட்டர் குறைந்தால் 1500 மீட்டர் ஓட்டத்தில் 22 மீட்டருக்கு மேல் காணாமல் போகும். அது உனக்கு 4 வினாடி. அந்தப் பொய் நேரத்தை நம்பிப் பாளையங்கோட்டைப் போட்டிக்குப் போகிற பிள்ளை அங்கே உடைந்துபோய் அழுவதைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அந்தப் பிள்ளையுடையது அல்ல.

கடிகாரமும் அப்படித்தான். துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.3 வினாடி தாமதமாகிவிடும். மூன்று பேர் நேரம் எடுத்தால் நடு நேரம்தான் கணக்கு, இருவர் என்றால் மெதுவான நேரம். நண்பன் செல்போனில் எடுத்ததை நோட்டில் எழுதாதே.

6. தனியாக ஓடி வேகம் வாங்குவது கடினம். 1954 மே 6 அன்று ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3:59.4இல் ஓடினார். முதலில் கிறிஸ் பிராஷர் இழுத்துக்கொண்டு போனார். மூன்றாவது சுற்றில், ஆள் சோரும் இடத்தில், கிறிஸ் சாட்டவே முன்னால் வந்தார். நம் நாட்டு குல்வீர் சிங் 10000 மீட்டர் சாதனையை 2024 நவம்பரில் ஜப்பானில் 27:14.88 என்று திருத்தினார். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் அதையே 27:00.22 ஆக்கினார். இரண்டு இடத்திலும் அவரைச் சுற்றி வேகமான கூட்டம் ஓடியது. உலகப் போட்டிக்குக் கேட்ட நேரமோ 27:00.00. 25 சுற்றில் 0.22 வினாடி தவறிப்போயிற்று, சுற்றுக்கு ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் பக்கத்து ஊர்ப் பையன் உனக்கு எதிரி இல்லை. பயிற்சியில் ஆளுக்கு ஒரு சுற்று மாறி மாறி முன்னால் போங்கள். தங்கச்சி, உன் வேகத்துக்கு ஊரில் வேறு பெண்பிள்ளை இல்லையென்றால் பையன்களோடு ஓடு, கூச்சப்படாதே. பையன்களே, அவளை நடுவில் விட்டு ஓடுங்கள், கேலி கூடாது.

7. தினமும் பந்தயம் ஓடாதே. வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரை ஆறு தடவை 72இல் ஓடு, இடையில் 200 மீட்டர் மெல்ல. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் போதும். குளத்துக்கரை மண் காலுக்கு நல்லது. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும், கணுக்கால் மாட்டிக்கொள்ளும், அப்போது காட்டுப் பக்கம் போகாதே. தார்ச்சாலையில் ஓடினால் வெளிர்நிறச் சட்டை போடு, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓடு.

8. ஷூ இல்லை என்று அழாதே. சிவநாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பேர் வாங்கியவர், 1978இல் ஜலந்தரில் மாரத்தானை 2:12:00இல் முடித்தார். புது ஷூ கிடைத்தாலும் போட்டி அன்று முதல்முறையாகப் போடாதே.

9. கம்பு, கடலை, கருப்பட்டி, முட்டை, கீரை. இதற்கு மேல் டப்பாவில் வருவது எதுவும் உனக்கு வேண்டாம். பெண்பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தம் குறைந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாதே, சாப்பாட்டோடு டீ குடிக்காதே. மாதவிலக்கு சில மாசம் வராமல் போனால் அம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் போ, அதை நல்ல பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஊசி போட்டால் வேகம் வரும் என்று ஒருவர் வந்தால், அவர் யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஓடி வந்துவிடு. உன் உடம்பில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் பதில் சொல்ல வேண்டியது நீதான்.

10. மத்தியானத்தில் நேரம் கேட்காதே. நம் பக்கத்துப் போட்டிகளில் காலை 9 மணி என்று போட்ட 3000 மீட்டர் 12 மணிக்கு நடக்கும். வேப்பமர நிழலில் உட்கார், தண்ணீரை வாய் வாயாகக் குடி, பேர் கூப்பிடும்வரை வெயிலில் நிற்காதே. அந்த வெயிலில் 9 நிமிஷத்தைத் துரத்தினால் மயங்கி விழுவாய். அன்றைக்கு இடத்துக்காக மட்டும் ஓடு. மேல்மட்டப் போட்டிக்கு இடம்தான் அனுப்பும். நேரத்தைக் குளிர்ந்த காலையில் வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம், நானே வந்து நிற்கிறேன்.

குறுவட்டப் போட்டிக்கும் வருவேன். ஒவ்வொருவருக்கும் 800இல் ஒரு தடவை, 1200இல் ஒரு தடவை நேரம் குறித்து வைப்பேன். ஓடி முடித்து, மூச்சு அடங்கி, கடைசிப் பிள்ளையும் கோட்டைத் தாண்டிய பிறகு வந்து கேளுங்கள்.