திரைக்குப் பின்னால் பேசிப் பழகுதல்

பாலக்காட்டு பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்துக்குக் கூட்டம் தேவையில்லை. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய காளிக்காகவே கம்பராமாயணம் ஆடப்படுகிறது என்பது ஐதிகம். எதிரே ஒருவர்கூட இல்லாத இரவிலும் புலவர்கள் எனப்படும் பாவைக் கலைஞர்கள் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டுக்குப் பொருள் சொல்லிப் பாவைகளை ஆட்டுவார்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே நா ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்தும். முகம் மறைந்திருக்கும், குரல் மட்டும் வெளியே வரும்.

கோயிலில் இந்தக் கூத்து நடக்கும் கூத்துமாடம் 42 அடி நீளம், 21 விளக்கு. வகுப்பறைக்கு ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு எல்இடி பல்பும் போதும். துணிக்குப் பக்கத்தில் எண்ணெய் விளக்கு கூடவே கூடாது. வேட்டிக்குக் கீழே கறுப்புத் துணி தொங்க வேண்டும். பிள்ளைகள் அதன் மறைவில் உட்கார, பல்பு அவர்களுக்குப் பின்னால், தலைக்கு மேலே இருக்கட்டும். தாழ வைத்தால் பாவைக்குப் பதில் தலைநிழல்தான் திரையில் விழும். பாவையை அட்டையில் வெட்டி, மூங்கில் குச்சி கட்டி, ஒரு கையை மட்டும் நூலால் அசையவிட்டால் போதும்.

கதையைப் பிள்ளையே சொல்லட்டும். ஆனால் "உன்னைப் பற்றிச் சொல்" என்று தொடங்கினால் வாய் மூடிக்கொள்ளும். தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வாளையார்க் காட்டில் தண்டவாளத்தைக் கடக்கும் யானையோ, சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும் லாரியோ பேசட்டும். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம் என்று வளரும் எல்லைப் பிள்ளை இரண்டையும் கலந்துதான் பேசும். அதைத் திருத்தக் கூடாது. திருத்தத் திருத்தக் கூச்சம்தான் கூடும்.

பெரியவர்கள் கெடுத்துவிடுவது அடுத்த கட்டத்தை. இரண்டாம் நாளே பிள்ளை நன்றாகப் பேசிவிட்டால், கைதட்டு வாங்கித்தரும் ஆசையில் திரையை விலக்கிவிடுவார்கள். அதோடு அந்தப் பிள்ளை மறுபடி வராது. முதல் சில நாள் எதிரே யாரும் வேண்டாம், ஆசிரியர்கூட. பிறகு பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஒரு தோழனோ தோழியோ வரட்டும். அதன்பின் மூன்று நான்கு பேர். ஆட்டம் முடிந்ததும் "அருமை" என்று சொல்வதைவிட, "அந்த யானை ஏன் திரும்பிப் போச்சு?" என்று கேட்பது மேல். பதில் சொல்லும்போது பிள்ளை தன்னை மறந்து திரைக்கு வெளியே தலை நீட்டும். அதைச் சுட்டிக்காட்டவே வேண்டாம். திரையை ஓரமாக ஒதுக்குவதும் விடுவதும் அதன் கையில்தான். ஒதுக்காமலே ஒரு வருடம் போனாலும் குறையில்லை.

போட்டி, பரிசு, மேடை, படம்பிடித்துப் பகிர்வது எதுவும் ஆகாது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பள்ளிக்கே போகமாட்டேன் என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் பாவை போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.