நம் மாநிலத்தின் தென்கோடி

நம் ஜொகூர் மாநிலத்தைக் காண வெளிநாட்டவர் பலர் வருகின்றனர். இங்கேயே பிறந்து வளர்ந்த நம்முள் பலரோ, பால்மரக் காட்டிற்கு அப்பால் உள்ளவற்றைக் கண்டதில்லை. அவற்றுள் சிலவற்றை இங்கே அறிந்து கொள்வோம்.

வடமேற்கே 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை நிற்கிறது. ஜொகூர் பாருவில், 1900-இல் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலும், கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பெற்ற ராஜகாளியம்மன் ஆலயமும் உள்ளன. 1924-இல் முறைப்படி திறக்கப்பெற்ற கடற்பாலம் அந்நகரைச் சிங்கப்பூருடன் இணைக்கிறது.

இவற்றினும் வியப்புக்குரியது பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி முனை இதுவே. மலாய் மொழியில் ‘பாக்காவ்’ எனப்படும் கண்டல் மரங்கள் இங்கே அடர்ந்துள்ளன. சேற்றின்மேல் எழும் வேர்களையும், அவற்றினிடையே திரியும் நண்டுகளையும், சேற்றில் தத்திச் செல்லும் மீன்களையும் காணலாம். உலகச் சிறப்புடைய சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இவ்விடம் 2003-இல் சேர்க்கப்பெற்றது.

தோட்டத்துச் சரிவுகளில் மூடுபயிர் மண்ணைக் காப்பதை நாம் அறிவோம். கடற்கரையில் அப்பணியைக் கண்டல் வேர்கள் செய்கின்றன. அவை அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கும் இறால்களுக்கும் புகலிடமாகின்றன. ஆயினும், கப்பல்கள் எழுப்பும் அலைகளால் இக்கரை அரிக்கப்பட்டு வருகிறது. எண்ணெய்க் கசிவும் மரங்களுக்குக் கேடு விளைத்துள்ளது.

எனவே, பள்ளி விடுமுறையில் அண்டை வீட்டாருடன் கூடிப் பேருந்து அமர்த்தி, நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம். கிளையை ஒடிக்காமலும் குப்பையை எறியாமலும் திரும்புவோம். நாம் கண்டறிந்த பொருளையே நாம் காக்க முன்வருவோம்.

பயிற்சி வினாக்கள்:
1. தஞ்சோங் பியாயின் சிறப்பு யாது?
2. மூடுபயிரும் கண்டல் வேரும் எவ்வகையில் ஒத்துள்ளன?